சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் கேட்பவை: எங்கே நிறுத்துவது, எப்படிப் பூட்டுவது, தொலைந்தால் என்ன செய்வது

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஷூ கம்பெனி ஷிப்டு விடும் நேரத்தில் கேட் அருகே நின்றால் தெரியும். மருத்துவமனை ஊழியர்கள், கல்லூரி ஊழியர்கள், கடை வேலைக்காரர்கள் என்று பலரும் இதில் அடக்கம். இப்போது கியர் சைக்கிள் வாங்கி ஆபீஸ் போகிற புது ஆட்களும் சேர்ந்திருக்கிறார்கள். ஓட்டுவது பற்றி இவர்கள் யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. போய்ச் சேர்ந்த பிறகு வண்டியை என்ன செய்வது என்பதில்தான் அத்தனை சந்தேகமும். அடிக்கடி காதில் விழுந்த கேள்விகளை அவரவர் கேட்டபடியே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன்.

கம்பெனில சைக்கிள் ஸ்டாண்டுன்னு தனியா எதுவும் இல்ல. பைக் நிறுத்துற இடத்துலயே விட்டுடலாமா?

விடலாம், ஆனால் வரிசையின் ஓரத்தில். நடுவில் விட்டால், மாலையில் பைக் எடுக்கிறவர் உங்கள் சைக்கிளைத் தூக்கி எங்கேயாவது சாய்த்துவிட்டுப் போவார். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. தன் வண்டியை வெளியே எடுக்க அவருக்கு வேறு வழி இருக்காது, சைக்கிளோ கைக்கு இலேசாக இருக்கிறது. ஸ்போக் வளைவதும் பிரேக் ஒயர் அறுவதும் பெரும்பாலும் இப்படித்தான்.

சுவர் அல்லது கம்பி பக்கத்தில் இருக்கிற முனையைப் பிடியுங்கள். செக்யூரிட்டி உட்காரும் இடத்திலிருந்து பார்வை படுகிற முனையாக இருந்தால் இன்னும் நல்லது. கட்டடத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் ஓரமாக, "அங்க காலியாதான் இருக்கு" என்று காட்டுவார்கள். அங்கே போகாதீர்கள். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் எந்தப் பூட்டையும் நிதானமாக அறுக்கலாம்.

சைக்கிளோட வந்த வளையப் பூட்டு போதாதா?

பின்சக்கரத்தில் சொருகும் அந்தப் பூட்டு சக்கரம் உருளாமல் தடுக்கும், அவ்வளவுதான். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போவதை அது தடுக்காது. சாதாரண சைக்கிள் 15 முதல் 20 கிலோ. ஒரு ஆள் தூக்கி லோடு ஆட்டோவில் போட அரை நிமிடம் ஆகாது. டீ குடிக்க இறங்குகிற நேரத்துக்கு அது சரி. ஷிப்டு முழுக்க நிற்கிற வண்டிக்குப் போதாது.

கூடவே கனமான செயின் பூட்டு ஒன்று வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய கம்பிப் பூட்டைப் பார்க்க அழகாக இருக்கும், கட்டிங் பிளேயர் வைத்திருப்பவனுக்கு அது நூல்தான். விலை கூடிய கியர் சைக்கிள் என்றால் யூ வடிவ இரும்புப் பூட்டு வாங்கிவிடுங்கள். கனமாக இருக்கிறதே, தினமும் யார் சுமப்பது என்று கேட்பார்கள். சுமக்கவே வேண்டாம். நிறுத்துகிற இடத்திலேயே கம்பியோடு பூட்டி விட்டுவிட்டு வாருங்கள், சாவி மட்டும் உங்களோடு வரட்டும்.

எதோட சேத்துப் பூட்டணும்? எந்த இடத்துல பூட்டணும்?

ஃபிரேம், பின்சக்கரம், தரையில் ஊன்றிய ஏதாவது ஒன்று. இந்த மூன்றும் ஒரே பூட்டுக்குள் வர வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் பூட்டினால், கையால் திருப்பிக் கழற்றும் குயிக் ரிலீஸ் உள்ள வண்டியில் மாலையில் சக்கரம் மட்டும் உங்களுக்காகக் காத்திருக்கும். பூட்டு தரையில் படாமல் மேலே இருக்கட்டும். தரையில் கிடந்தால் சுத்தியலால் ஓங்கி அடிக்க வசதி.

எதோடு பூட்டக்கூடாது என்பதும் முக்கியம். கேட் கம்பி வேண்டாம், யாராவது திறப்பார்கள். மின் கம்பம், டிரான்ஸ்ஃபார்மர் வேலி வேண்டவே வேண்டாம். மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: சாய்தளக் கைப்பிடிக் கம்பி பூட்டுவதற்கு வசதியாக இருக்கும்தான், ஆனால் அது சக்கர நாற்காலிக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் போட்டது. அங்கே பூட்டினால் பூட்டை அறுத்து வண்டியை வெளியே வைப்பார்கள், அது நியாயமும்கூட.

மே மாசம் வெயில்ல நாள் பூரா நின்னா டயர் வெடிச்சிடுமாமே?

நம் ஊர் வெயிலில் இந்தப் பயம் வருவது இயல்பு, கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை. காலை 30 டிகிரியில் 50 பி.எஸ்.ஐ. காற்று அடித்த டியூப், வெயிலில் 60 டிகிரிக்குச் சூடானாலும் உள்ளே அழுத்தம் 56, 57-க்குத்தான் போகும். நல்ல டயர் இதைத் தாங்கும்.

வெடிப்பது வேறு காரணத்தால். பக்கவாட்டில் வெடிப்பு விட்ட பழைய டயர், அல்லது காற்றை டயரில் அச்சிட்ட அளவுக்கு மேல் கல் மாதிரி அடித்து வைப்பது. பஞ்சர் ஒட்டிய பட்டை சூட்டில் பிடி தளர்ந்து காற்று இறங்குவதும் உண்டு, அதை "வெயில்ல வெடிச்சிடுச்சு" என்று சொல்லிவிடுகிறோம். டயரின் விளிம்பில் எழுதியிருக்கிற அளவுக்குச் சற்றுக் கீழேயே கோடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் வெயில் கெடுப்பது ரப்பரையும் சீட்டையும்தான், அதுவும் ஒரே நாளில் இல்லை, வருஷக்கணக்கில். அதற்கு மருந்து நிழல். நிழல் இல்லையென்றால் சீட்டுக்கு ஒரு துணி உறை. மாலையில் உட்காரும்போது உறையின் அருமை தெரியும்.

சைடு ஸ்டாண்டு போட்டா வண்டி விழுந்துடுது. என்னா பண்றது?

மண் தரையிலும் வெயிலில் இளகிய தாரிலும் ஸ்டாண்டின் கால் உள்ளே இறங்கும். அதன் கீழே ஒரு பலகைத் துண்டோ தட்டைக் கல்லோ போடுங்கள். முடிந்தால் டபுள் ஸ்டாண்டுக்கு மாறிவிடுங்கள், வரிசையாக நிறுத்தும் இடத்தில் அதுதான் நிற்கும்.

மழைக்காலத்துல?

ஐப்பசி, கார்த்திகையில் கூரை இல்லாத இடத்தில் நிற்கிற வண்டிக்கு செயின் எண்ணெய்தான் பாதுகாப்பு. மழையில் நனைந்த நாளில் செயினைத் துணியால் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். பூட்டின் சாவித் துளை கீழே பார்க்கும்படி பூட்டுங்கள், தண்ணீர் தேங்காது. மழைத்தண்ணீர் ஓடிப் போகிற பள்ளத்தில் விடாதீர்கள். சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்புக்குள் சேறு போனால் பேரிங் செலவு.

நான் தோல் பதனிடுற டேனரில வேலை செய்றேன். மத்தவங்க சைக்கிள விட என் சைக்கிள் சீக்கிரம் துரு பிடிக்குது. ஏன்?

உப்பு. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பு போட்டுத்தான் வருகிறது. தோலை இறக்கி உதறும் இடத்தில் அந்த உப்பு தூளாகப் பறக்கும், தரையிலும் கரைந்து கிடக்கும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பு படிந்த இரும்பு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், மழையே பெய்யாவிட்டாலும் துரு ஏறும்.

தோல் இறக்கும் மேடையிலிருந்து தள்ளி, காற்று வரும் பக்கமாக நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய், ஸ்போக் முனைகளில் எண்ணெய் தோய்ந்த துணி. ரிம்மில் எண்ணெய் படக்கூடாது, பிரேக் பிடிக்காது. ஷூ கம்பெனிகளில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே வருவது பதனிட்ட தோல்.

எல்லாம் ஸ்கூல்ல குடுத்த சைக்கிள்தான். ஒரே மாதிரி இருக்கு. யாரோ மாத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க.

இது திருட்டை விட அடிக்கடி நடக்கிறது என்பது என் அனுமானம். பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிளை ஓட்டிக்கொண்டே வேலைக்குச் சேர்ந்தவர்கள், அண்ணன் சைக்கிளைத் தம்பி ஓட்டுகிறவர்கள் என்று ஒரே கம்பெனியில் பலர் இருப்பார்கள். நிறம், கூடை, ஸ்டிக்கர் எல்லாம் ஒன்று. மலிவான வளையப் பூட்டுகளில் ஒன்றின் சாவி இன்னொன்றையும் திறந்துவிடுவதுண்டு.

ஹேண்டில்பாரில் பளிச்சென்ற நிறத்தில் டேப் சுற்றுங்கள். கூடைக்கு வேறு நிற ரிப்பன் கட்டினாலும் சரி. அப்புறம், வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து பெடல் அச்சுக்கு அடியில் பாருங்கள், ஃபிரேம் எண் அடித்திருக்கும். சில வண்டிகளில் சீட்டுக்குக் கீழே இருக்கும். அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். "இது என் வண்டி", "இல்ல என்னுது" என்று வந்தால் தீர்த்து வைப்பது அந்த எண்தான். புகார் கொடுக்கும்போதும் அதையே கேட்பார்கள்.

மாற்றி எடுத்துப் போனவர் மறுநாள் அதே வண்டியில்தான் வேலைக்கு வருவார். ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன் ஒரு ஷிப்டு பொறுத்து, கேட்டில் நின்று பாருங்கள்.

செக்யூரிட்டி அண்ணா சைக்கிள உள்ளயே விட மாட்டேங்கறார். கார், பைக் மட்டும்தானாம்.

அவருக்கு யாரோ "வண்டி" என்று சொல்லியிருப்பார்கள், அதில் சைக்கிள் சேருமா என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோடு சண்டை போட்டுத் தினமும் அந்த கேட்டைத் தாண்டுவது கஷ்டம். எச்.ஆர். அல்லது நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் ஒரு வரி வாங்குங்கள்: ஊழியர்களின் சைக்கிள்களையும் உள்ளே அனுமதிக்கவும். அந்தத் தாளை செக்யூரிட்டி அறையில் ஒட்டிவிட்டால் அவருக்கும் நிம்மதி. பைக்குக்கு பாஸ் ஸ்டிக்கர் கொடுக்கிற இடமானால் சைக்கிளுக்கும் கேளுங்கள். ஸ்டிக்கர் இருந்தால் வண்டிக்கு மரியாதை வந்துவிடுகிறது, அது ஒரு வேடிக்கை.

மேனேஜ்மெண்ட்கிட்ட ஸ்டாண்டு வேணும்னு எப்படிக் கேக்குறது? பெரிய செலவுன்னு சொல்லிடுவாங்களே.

"சைக்கிள் வசதி செய்து தர வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் அந்தக் கடிதம் கோப்பில் தூங்கும். இடத்தைக் காட்டி, அளவைச் சொல்லிக் கேளுங்கள். வேண்டியது தலைகீழ் யூ வடிவத்தில் வளைத்த ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), அவ்வளவுதான். உயரம் இரண்டரை அடி, நீளம் இரண்டரையிலிருந்து மூன்று அடி, இரண்டு கால்களும் ஓர் அடி ஆழத்துக்கு கான்கிரீட்டில். ஒரு யூவின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு சைக்கிள் நிற்கும். ஒரு யூவுக்கும் அடுத்ததற்கும் மூன்றடிக்கு மேல் இடைவெளி வேண்டும், இல்லையென்றால் ஹேண்டில்பார்கள் சிக்கிக்கொள்ளும். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் ஒரே நாளில் செய்துவிடுவார்கள்.

நிர்வாகத்திடம் எடுபடுகிற கணக்கு ஒன்று உண்டு. ஒரு கார் நிற்கும் இடம் ஏறக்குறைய 5 மீட்டருக்கு 2.5 மீட்டர். சைக்கிளின் நீளம் 1.8 மீட்டர். மீட்டருக்கு ஒரு யூ நட்டால் அந்த ஒரு கார் இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும். பார்க்கிங் போதவில்லை என்று புலம்பாத கம்பெனி எது? வேலூரில் ஆற்காடு ரோட்டிலும் ஆபீசர்ஸ் லைனிலும் இருக்கிற அலுவலகங்களுக்கு இது நேரே உறைக்கும்.

எத்தனை பேர் சைக்கிளில் வருகிறோம் என்று பெயர், துறை, ஷிப்டோடு ஒரு பட்டியல் இணையுங்கள். தனி ஆளாகக் கேட்பதற்கும் தைப்புப் பிரிவு முழுக்கச் சேர்ந்து கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கூரையை முதலிலேயே கேட்காதீர்கள். செலவு கூரையில்தான் இருக்கிறது, அதைக் காரணம் காட்டி மொத்தத்தையும் தள்ளிப்போடுவார்கள். முதலில் கம்பி, கம்பி நட்ட பிறகு கூரை. இடம் மட்டும் முதல் கேள்வியில் சொன்னபடி பார்வை படுகிற இடமாக இருக்கட்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பின்பக்கத்தில் நட்ட ஸ்டாண்டு கொஞ்ச நாளில் பழைய மேசை நாற்காலி போடும் இடமாகிவிடும்.

எங்க ஆபீஸ்ல ஸ்டாண்டு இருக்கு, முன்சக்கரத்த மட்டும் சொருகுற மாதிரி. அது நல்லதா?

பள்ளிக்கூடங்களில் பார்த்திருப்பீர்கள். செலவு குறைவு, இடமும் குறைவு. ஆனால் மொத்த வண்டியையும் ஒரு ரிம் தாங்குகிறது. பக்கத்து வண்டி சாய்ந்தால் ரிம் கோணும். டிஸ்க் பிரேக் வண்டியில் தகடு வளையும். ஃபிரேமைப் பூட்ட வழியும் இல்லை. இருப்பது அதுதான் என்றால் கடைசி இடத்தில் பக்கவாட்டாக நிறுத்தி, ஸ்டாண்டின் ஓரக் கம்பியோடு ஃபிரேமைப் பூட்டுங்கள். பின்சக்கரத்தைச் சொருகி நிறுத்துவது இன்னொரு வழி, அப்போது பின்சக்கரமும் ஃபிரேமும் ஒரே செயினுக்குள் வரும்.

நைட் ஷிப்டு முடிச்சு வந்தா இருட்டு, ஸ்டாண்டு பக்கம் யாரும் இல்ல. பொம்பளப் பிள்ளைங்க தனியா போய் எடுக்கப் பயப்படறாங்க.

பயம் நியாயமானது. ஸ்டாண்டுக்கு மேலே ஒரு எல்.இ.டி. விளக்கு, கேமரா இருந்தால் அதன் பார்வையில் ஸ்டாண்டு. இந்த இரண்டையும் மேலே சொன்ன கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள். இரவு ஷிப்டு வண்டிகளை மட்டும் கேட் பக்கம் விட அனுமதி கேளுங்கள், இதற்குச் செலவே இல்லை. வண்டியின் பின்புறச் சிவப்பு விளக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்டாண்டில் விட்டால் விளக்கு இருக்காது.

காட்பாடி ஸ்டேஷன்ல விட்டுட்டு ரயில்ல வேலைக்குப் போறேன். அங்க எப்படி?

காசு கொடுத்து டோக்கன் வாங்கும் ஸ்டாண்டில்தான் விட வேண்டும். ஸ்டேஷனுக்கு வெளியே ரோட்டோரம் கம்பத்தில் கட்டிவிட்டு அரக்கோணத்துக்கோ ஆம்பூருக்கோ போய்விட்டால் நாள் முழுக்க அதைப் பார்க்க ஆளில்லை. டோக்கனை வண்டியிலேயே செருகி வைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டாம், டோக்கன் கையில் இருப்பவர்தான் அங்கே சொந்தக்காரர். தினமும் போகிறவர் மாதக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள்.

வாலாஜா ரோடு ஸ்டேஷனில் இறங்கி ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகிற சிலர் அந்தப் பக்கம் ஒரு பழைய சைக்கிள், இந்தப் பக்கம் ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்க வண்டி இரவு முழுக்க நிற்கும், அதனால் பார்த்ததும் ஆசை வராத வண்டியாக இருப்பது நல்லது. பெயிண்ட் உரிந்த வண்டியே இங்கே நல்ல வண்டி.

"வண்டிகள் காணாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல"ன்னு போர்டு இருக்கு. அப்போ போனா போனதுதானா?

போர்டு வைத்துவிட்டால் எல்லாப் பொறுப்பும் போய்விடாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், ஒருவர் பொருளை இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைப்பது பற்றிப் பிரிவு 148 முதல் வருகிறது. வாங்கி வைத்தவர், தன் பொருளைப் பார்த்துக்கொள்கிற அளவு கவனத்தோடு அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பிரிவு 151 சொல்கிறது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஓட்டல் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடுபோன வழக்கில், "உரிமையாளர் பொறுப்பில்" என்ற வாசகத்தைக் காட்டி ஓட்டல் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று சொன்னது.

ஆனால் அது சாவியை ஒப்படைத்த கார். டோக்கன் போட்டுக் காசு வாங்கும் ஸ்டாண்டு அதற்குக் கொஞ்சம் நெருக்கம், அங்கே நீங்கள் வாதாடலாம். கம்பெனி வளாகத்தில் இலவசமாக நிறுத்தி, நீங்களே பூட்டி, சாவியை நீங்களே வைத்திருந்தால் "ஒப்படைத்தேன்" என்று சொல்வது கடினம். சட்டப்படி வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அளவோடு நம்புங்கள். கேமரா பதிவைக் கேட்டு வாங்குவதில்தான் நிர்வாகத்தின் உதவி உண்மையில் பயன்படும். பழைய பதிவு அழிந்துகொண்டே போகும், அன்றைக்கே கேளுங்கள்.

போலீஸ்ல சைக்கிளுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட மாட்டாங்களாமே?

இதில் பாதி உண்மை. 2024 ஜூலை 1 முதல் திருட்டு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 303-இல் வருகிறது. புதிய நடைமுறைச் சட்டத்தின்படி 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளின் திருட்டில், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணை தொடங்க முடியாது. ஆகவே பழைய சைக்கிளுக்கு, புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த ரசீதையாவது கட்டாயம் வாங்குங்கள், வண்டி வேறு எங்காவது பிடிபட்டால் உங்களுடையது என்று காட்ட அது வேண்டும்.

மதிப்பு 5,000-க்கு மேல் என்றால் நிலைமை வேறு, எஃப்.ஐ.ஆர். கேட்கலாம். அப்போது மதிப்பைக் காட்டுவது கடை பில். சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது, பில்லும் ஃபிரேம் எண்ணும்தான் அதன் ஆர்.சி. இரண்டையும் போனில் போட்டோவாக வைத்திருங்கள்.

வேலைக்குப் போற வழியில விழுந்து அடிபட்டா இ.எஸ்.ஐ. வருமா? கேட்டுக்குள்ள வந்தாதான் கணக்குங்கறாங்க.

2010-இல் அப்போதைய இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டு) சட்டத்தில் 51-இ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதோ திரும்பும்போதோ நடக்கிற விபத்தும், நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு தொடர்புடையதாக இருந்தால், வேலையில் ஏற்பட்ட காயமாகவே கருதப்படும் என்பது அது. சைக்கிளில் வந்தாலும் பொருந்தும். கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள், ஷிப்டு நேரம், விழுந்த இடம், பார்த்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். வழியில் சொந்த வேலையாக வேறு பக்கம் திரும்பியிருந்தால் சிக்கல் வரும்.

எலெக்ட்ரிக் சைக்கிள். பேட்டரிய ஆபீஸ்ல சார்ஜ் போட்டா கரண்ட் திருடறேன்னு சொல்றாங்க.

கேட்டுவிட்டுப் போடுங்கள், அதுதான் முறை. கேட்கும்போது கணக்கையும் சொல்லுங்கள்: 36 வோல்ட், 8 ஆம்பியர்-அவர் பேட்டரி முழுக்க ஏற அரை யூனிட்டுக்கும் குறைவு. ஏ.சி. ஓடுகிற அறையில் இதைப் பற்றிப் பேசுவதே கொஞ்சம் வேடிக்கை. 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருக்கிற வண்டிக்குப் பதிவு எண்ணோ லைசென்ஸோ வேண்டாம், அதனால் நம்பர் பிளேட் இல்லையே என்று கேட்டில் மடக்கினால் இதைச் சொல்லலாம்.

கழற்ற முடிகிற பேட்டரியானால் கழற்றி உள்ளே கொண்டு போங்கள். திருடனுக்காக மட்டுமில்லை, வெயிலில் நிற்கிற லித்தியம் பேட்டரியின் ஆயுள் குறையும். வெயிலில் இருந்து எடுத்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள், ஆறட்டும். நீங்கள் மேசையில் இருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் போடவே கூடாது.

ஆபீஸ் வாடகைக் கட்டடம், ரெண்டாவது மாடி. கீழ நிறுத்தக் கூடாதுன்னு கட்டட ஓனர் சொல்றார். எங்க நிறுத்தறது?

முதலில் உங்கள் ஆபீஸின் வாடகை ஒப்பந்தத்தில் பார்க்கிங் எத்தனை என்று விசாரியுங்கள். இரண்டு பைக் இடம் இருந்து ஒன்று காலியாக இருந்தால், ஓனரிடம் பேச வேண்டியது உங்கள் மேலதிகாரி. அவர் பேசினால் நடக்கிற காரியம் நீங்கள் பேசினால் நடக்காது. மாடிப்படிக்குக் கீழே இருக்கிற முக்கோண இடத்தைக் கேட்கத் தோன்றும், ஆனால் அங்கே மின் மீட்டர் பெட்டி இருந்தால் விட்டுவிடுங்கள். அவசரத்தில் இறங்கி ஓடுகிற வழியையும் அடைக்கக்கூடாது.

இல்லையென்றால் பக்கத்துக் கடை. லாங் பஜார் மாதிரி நெருக்கடியான இடத்தில்கூட, தினமும் டீ குடிக்கிற கடைக்காரர் "ஓரமா விட்டுட்டுப் போங்க சார்" என்பார். அவர் கடை மூடும் நேரத்தை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மடக்கு சைக்கிள் வாங்கி மேசைக்கு அடியில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு மாடி தூக்கி ஏறுவதற்கு முன், கடையில் அதைக் கையில் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.